புதிய சிலந்தி இனங்களை அறிதலும் விவரித்தலும்

சிலந்தியைப் பேச்சு வழக்கில் எட்டுக்கால் பூச்சி என்பர். தெலுங்கு மக்கள் இதனைச் சாலெ புருகு, அதாவது நெசவுப் பூச்சி என்பர். எனினும் விலங்கியல் முறைப்படி சிலந்தி பூச்சியன்று. பூச்சிக்கு ஆறு கால்களும், தலை, மார்பு, வயிறு என மூன்று உடற்பகுதிகளும் உண்டு. சிலந்திக்கு எட்டுக் கால்களும், தலையும் மார்பும் ஒன்றிய முன்னுடல், வயிற்றுப் பகுதியாகிய பின்னுடல் என இரண்டு பகுதிகளும் மட்டுமே உண்டு. உணர்கொம்புகளும் சிறகுகளும் இல்லை.

உலகில் இதுவரை பெயரிட்டு விவரிக்கப்பட்ட சிலந்திச் சிற்றினங்களின் தொகை 2022-ஆம் ஆண்டில் 50,000-ஐக் கடந்தது. சுவிட்சர்லாந்தில் பெர்ன் நகரத்து இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் பேணிவரும் உலகச் சிலந்திப் பட்டியல் இத்தொகையைக் காட்டுகிறது. இன்னும் பெயரிடப் பெறாதவை பல. அவற்றுள் சில, சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் குன்றுகளிலும் இருத்தல் கூடும். அத்தகைய சிலந்தியை முதலிற் காண்பவர் பெரும்பாலும் விலங்கியல் நிபுணராக இருப்பதில்லை. வனக் காவலர், நில அளவையாளர், பள்ளி ஆசிரியர் ஆகியோர் கண்ணில்தான் அது முதலில் படுகிறது. ஆகவே, ஒரு சிலந்தி புதிய இனம் என எவ்வாறு துணியப்படுகிறது, அத்துணிபுக்குக் களப்பணியாளர் எவ்வகையில் உதவலாம் என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

1. குத்தியில் கிடைத்த நீலச் சிலந்தி

அனந்தப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த குத்தி, சென்னையிலிருந்து ரேணிகுண்டா, கடப்பை வழியாக பம்பாய் செல்லும் இருப்புப் பாதையில் உள்ள ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வூர் ரயில்வே மரக்கிடங்கில் பெரிய சிலந்தி ஒன்று அகப்பட்டது. உலோகத்தைப் போல் ஒளிரும் நீல நிறம் அதன் தனிச் சிறப்பு. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ரெஜினால்டு இன்னஸ் போக்காக் என்ற விலங்கியலார் அந்த ஒரே மாதிரியை ஆராய்ந்து, 1899-இல் அதனைப் புதிய சிற்றினமாக விவரித்தார். அதற்கு அவர் இட்ட பெயர் பீசிலோதீரியா மெட்டாலிக்கா. முதற்சொல் பேரினப் பெயர். பல நிறக்கோலம் கொண்ட விலங்கு என்ற பொருளுடைய கிரேக்கச் சொற்களால் ஆயது. இரண்டாம் சொல் உலோகம் போன்றது என்று பொருள்படும்.

அதன்பின் 102 ஆண்டுகள் இச்சிலந்தியைப் பற்றிக் களத்திலிருந்து விஞ்ஞானிகளுக்கு ஒரு செய்தியும் கிட்டவில்லை. 2001-இல் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட இலையுதிர் காட்டில் அது மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. இக்காடு குத்தியிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவில், நல்லமலைத் தொடரைச் சார்ந்து அமைந்துள்ளது. இச்சிலந்தி உயர்ந்து முதிர்ந்த மரங்களின் பொந்துகளில் வாழ்வது. பகலில் மறைந்திருந்து இரவில் இரை தேடுவது. குத்தியின் மரக்கிடங்கு அதன் இயல்பான உறைவிடம் அன்று. வெட்டிய மரங்களோடு ரயில் வண்டியில் அது அங்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது.

இதிலிருந்து பெறப்படும் படிப்பினை கவனிக்கத்தக்கது. போக்காக் செய்த விவரிப்பில் பிழை இல்லை. சிலந்தி குத்தியில் கிடைத்தது என்பதும் உண்மையே. ஆயினும், ஒரு விலங்கு கிடைத்த இடம் வேறு, அது வாழும் இடம் வேறு. ஊர்ப் பெயரை மட்டும் கொண்டு பார்த்தால் அச்சிலந்தி குத்தியைச் சேர்ந்தது என்றே தோன்றும். ஆங்கில வழக்கில் இன்றும் அதற்குக் குத்திச் சிலந்தி என்றே பெயர். அது மரக்கிடங்கில் அகப்பட்டது என்ற சிறு குறிப்பே இப்புதிருக்கு விடை தருகிறது. உருவத்தை விவரிப்பது நிபுணரின் கடமை. இடத்தையும் சூழலையும் சரியாகப் பதிவது கண்டெடுத்தவரின் கடமை. பின்னதை வேறெவரும் பின்னர் ஈடுசெய்ய இயலாது.

2. புதியது எனத் துணிவது எவ்வாறு?

நிறம் ஒன்றையே கொண்டு சிலந்தியின் இனத்தைத் துணிதல் தவறு. குத்திச் சிலந்தியிலேயே குஞ்சுகளுக்கு நிறம் மங்கலாக இருக்கும். வளர்ந்த ஆணின் நீலமும் பெண்ணின் நீலத்தைப் போல் பொலிவுடையதன்று. மேலும், அந்நீலம் சாயப்பொருளால் அமைந்ததன்று. மயிர்களின் நுண்ணிய அமைப்பில் ஒளி படுவதால் தோன்றுவது. மற்றச் சிலந்திகள் பலவற்றின் நிறமோ ஆல்கஹாலில் இட்ட சில காலத்தில் மங்கிவிடும். ஆகவே ஆராய்ச்சியாளர் நிலையான உறுப்பு அமைப்புகளையே நாடுவர்.

முதலில் நச்சுப் பற்களின் இயக்கத்தை நோக்குதல் வேண்டும். குத்திச் சிலந்தியைப் போன்ற பெருஞ்சிலந்திகளில் இரு பற்களும் ஒன்றற்கொன்று இணையாக மேலும் கீழும் அசையும். வீட்டுச் சுவரில் ஓடும் பெரிய நண்டுச் சிலந்தி, தோட்டத்தில் வட்ட வலை பின்னும் சிலந்தி முதலியவற்றில் பற்கள் இடுக்கி போல் எதிரெதிராகச் சேரும். உருவிற் பெரிய நண்டுச் சிலந்தியைப் பெருஞ்சிலந்தி என மயங்குவோர் பலர். இவ்வொரு குறியைக் கொண்டே அம்மயக்கத்தைப் போக்கலாம்.

அடுத்து, கண்களின் எண்ணிக்கையும் வரிசையும் ஆராயப்படும். பெரும்பாலான சிலந்திகளுக்கு எட்டுக் கண்கள் உண்டு; அவை அமைந்துள்ள முறை குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடும். பின்னர் நூற்புறுப்புகள், கால் நுனி நகங்கள், காலிலுள்ள முட்கள், மயிர்கள் ஆகியவை பார்க்கப்படும். கால்களின் ஒவ்வொரு கணுவும் நுண்ணோக்கியின் கீழ் அளக்கப்படும்.

சிற்றினத்தைத் தீர்மானிப்பதில் தலையாய இடம் பெறுபவை இனப்பெருக்க உறுப்புகளே. வளர்ந்த ஆணின் முகத்தருகே உள்ள உணர்காலின் நுனி குமிழ் போலப் பருத்திருக்கும். அக்குமிழின் வடிவமும், பெண்ணின் வயிற்றுக்குள் விந்தைச் சேமித்து வைக்கும் பைகளின் வடிவமும் சிற்றினந்தோறும் மாறுபடும். குஞ்சுகளில் இவை முதிர்ச்சி அடைவதில்லை. ஆதலால் இளஞ்சிலந்தியை மட்டும் கொண்டு புதிய சிற்றினம் என நாட்டுவது அரிது. இக்காலத்தில் மரபணுத் தொடர்களை ஒப்பிடும் முறையும் துணைக்குக் கொள்ளப்படுகிறது. எனினும் அது உறுப்பு ஆராய்ச்சிக்கு மாற்றாகாது. அதற்குத் துணையே ஆகும்.

பீசிலோதீரியா பேரினத்தில் மற்றோர் அடையாளமும் பயன்படுகிறது. இப்பேரினத்துச் சிலந்திகள் இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே இயற்கையாக வாழ்பவை. இவற்றின் முதுகில் இலை போன்ற கோலம் காணப்படும். கால்களின் அடிப்புறத்தில் மஞ்சள், வெள்ளை, கறுப்புப் பட்டைகள் சிற்றினத்துக்கு ஏற்ப வெவ்வேறு வகையாக அமைந்திருக்கும். பீசிலோதீரியா ரீகாலிஸ் என்ற சிலந்தியின் வயிற்றின் அடிப்புறத்தில் வெளிறிய குறுக்குப் பட்டை ஒன்று உண்டு. எனவே சிலந்தியைப் புகைப்படம் எடுப்போர் முதுகுப் புறத்தோடு நில்லாமல், இயலுமாயின் அடிப்புறத்தையும் எடுத்தல் வேண்டும். கண்ணாடிக் குடுவையில் ஏறியிருக்கும் நிலையில் கீழிருந்து எடுப்பது எளிது. கையால் பிடித்தல் ஆகாது. இப்பேரினத்தின் கடியால் மரணம் நேர்ந்ததாகப் பதிவு இல்லை எனினும், கடும் வலியும் தசைப் பிடிப்பும் உண்டாகும்.

இவ்வாறு திரட்டிய குறிகளை, அப்பேரினத்தில் முன்னரே விவரிக்கப்பட்ட எல்லாச் சிற்றினங்களோடும் ஒப்பிடுதல் வேண்டும். பழைய நூல்களைப் படித்தால் மட்டும் போதாது. அருங்காட்சியகங்களிலுள்ள பழைய மாதிரிகளையும் பார்த்தல் வேண்டும். எதனோடும் பொருந்தாதபோதே புதியது என்ற முடிவுக்கு வரலாம். புதியது என்பதன் பொருள், இதுவரை எவரும் காணாதது என்பதன்று. இதுவரை எவரும் விவரித்துப் பெயரிடாதது என்பதே. நல்லமலையின் செஞ்சுக்களும், சித்தூர்ப் பகுதியின் யானாதிகளும் காட்டு உயிர்கள் பலவற்றை நெடுங்காலமாக அறிந்தவர்கள் என்பதை இங்கு நினைவிற் கொள்ளல் தகும்.

3. மூலமாதிரியும் பெயரும்

விலங்குகளின் பெயரீடு பன்னாட்டு விதித்தொகுப்பு ஒன்றால் நெறிப்படுத்தப்படுகிறது. விலங்குப் பெயர்களுக்குத் தொடக்க ஆண்டு 1758. அது லின்னேயஸ் தமது நூலின் பத்தாம் பதிப்பை வெளியிட்ட ஆண்டு. சிலந்திகளுக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. ஸ்வீடன் நாட்டுக் கார்ல் கிளெர்க் 1757-இல் வெளியிட்ட நூலில் உள்ள சிலந்திப் பெயர்களும் செல்லுபடியாகும்.

புதிய சிற்றினத்தை விவரிப்பவர் ஒரு மாதிரியை மூலமாதிரியாகக் குறித்தல் வேண்டும். அப்பெயர் எந்த உயிருக்கு உரியது என்ற ஐயம் எக்காலத்து எழுந்தாலும், அம்மாதிரியே இறுதிச் சான்று ஆகும். அது எந்த அருங்காட்சியகத்தில் வைக்கப்படும் என்பதையும் விவரிப்பிலேயே கூறுதல் வேண்டும். நம் நாட்டில் 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டமும் இதனை வலியுறுத்துகிறது. புதிதாகக் கண்டறியப்பட்ட இனத்தை, அதற்கென அமைக்கப்பட்ட நிலையத்துக்கு அறிவித்து, சான்று மாதிரியையும் அங்கு ஒப்படைத்தல் கட்டாயமாகும். விலங்குகளைப் பொறுத்தவரை 1916-இல் நிறுவப்பட்ட இந்திய விலங்கியல் மதிப்பாய்வுத் துறை அத்தகைய நிலையங்களுள் முதன்மையானது.

பெயருக்குப் பின் விவரித்தவரின் பெயரும் ஆண்டும் எழுதப்படும். அவற்றைப் பிறைக்குறிக்குள் இடுவதற்கும் இடாமைக்கும் பொருள் வேறுபாடு உண்டு. குத்திச் சிலந்தியைப் போக்காக் வைத்த பேரினத்திலேயே அது இன்றும் நிற்கிறது. ஆதலால் போக்காக், 1899 எனப் பிறைக்குறி இன்றி எழுதுவர். திருப்பதி மலைகளில் வாழும் பொன்பல்லியின் நிலை வேறு. அதனை 1870-இல் பெடோம் என்ற வன அதிகாரி விவரித்தார். அவர் இட்ட சிற்றினப் பெயராகிய ஆரியஸ், பொன்னிறமானது என்ற பொருளுடையது. பிற்காலத்தார் அதனைக் கலோடாக்டிலோடிஸ் என்ற வேறு பேரினத்துக்கு மாற்றினர். ஆகவே பெடோமின் பெயர் பிறைக்குறிக்குள் இடப்படுகிறது.

4. மாறும் எல்லைகளும் மாறாத மலைகளும்

பொன்பல்லியின் வரலாறு இடப்பதிவைப் பற்றியும் ஒரு பாடம் கற்பிக்கிறது. பெடோம் குறித்த இடம் வடஆர்க்காடு மாவட்டத்துத் திருப்பதி மலைகள். அக்காலத்தில் வடஆர்க்காட்டின் தலைநகர் சித்தூர். 1911-இல்தான் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. வடஆர்க்காடு என்ற மாவட்டப் பெயரே இன்று நடைமுறையில் இல்லை. மாவட்டப் பெயரோடு மட்டும் நின்றிருந்தால், இப்பல்லி தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையைச் சேர்ந்ததா, ஆந்திரத்தின் சேஷாசலத்தைச் சேர்ந்ததா என்று கூறுவது கடினமாகியிருக்கும். திருப்பதி மலைகள் என்று மலையின் பெயரும் இருந்தமையால் ஐயத்துக்கு இடமில்லை. நெடுங்காலம் ஆராய்ச்சியாளர் பார்வைக்கு வாராதிருந்த அப்பல்லியை 1980-களில் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தினர் திருமலையில் மீண்டும் கண்டனர்.

இம்மாறுதல்கள் அத்துடன் நின்றன அல்ல. சித்தூர் மாவட்டம் 1953 வரை சென்னை மாகாணத்திலும், பின்னர் ஆந்திர மாநிலத்திலும், 1956 முதல் ஆந்திரப் பிரதேசத்திலும் இருந்துவருகிறது. 1960-இல் திருத்தணி அம்மாவட்டத்திலிருந்து பிரிந்து தமிழகப் பகுதியோடு இணைந்தது. ஆகவே சித்தூர் மாவட்டம் என்று மட்டும் எழுதிய 1955-ஆம் ஆண்டுச் சீட்டு ஒன்று, இன்றைய தமிழ்நாட்டைச் சேர்ந்ததாகவும் இருக்கலாம். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. தலகோனா நீர்வீழ்ச்சி அருகில் 2021-இல் எடுத்த மாதிரியின் சீட்டில் சித்தூர் மாவட்டம் என்றும், அதே பாறையில் 2023-இல் எடுத்த மாதிரியின் சீட்டில் திருப்பதி மாவட்டம் என்றும் எழுத நேரும். நீர்வீழ்ச்சி இடம் பெயரவில்லை. எல்லைக் கோடே பெயர்ந்தது.

5. இடச்சீட்டு எழுதும் முறை

மேற்கூறியவற்றால், இடச்சீட்டில் கீழ்க்கண்ட குறிப்புகள் தவறாது இடம்பெறுதல் வேண்டும்.

(அ) மாநிலம், மாவட்டம், மண்டலம், கிராமம் ஆகியவற்றுடன், அண்மையிலுள்ள மலை, ஓடை, ஏரி அல்லது கோயிலின் நிலைத்த பெயர்.

(ஆ) அட்சரேகை, தீர்க்கரேகை, கடல் மட்டத்திலிருந்து உயரம். இவற்றைக் கைத்தொலைபேசியாலேயே இன்று அறியலாம்.

(இ) நாள். மாதத்தைச் சொல்லால் அல்லது ரோமன் எண்ணால் எழுதுதல் நலம். 5-7 என்று மட்டும் எழுதினால் மே மாதம் ஏழாம் நாளா, ஜூலை மாதம் ஐந்தாம் நாளா என்ற மயக்கம் உண்டாகும்.

(ஈ) கிடைத்த சூழல். கல்லின் அடியிலா, மரப்பொந்திலா, பட்டையின் கீழா, வலையிலா, சுவரிலா என்பதும், மரமாயின் அதன் பெயரும், தரையிலிருந்து உயரமும். மரக்கிடங்கு, லாரி, விறகுக் கட்டு, நாற்றங்கால் போன்ற இடங்களாயின், அப்பொருள் எங்கிருந்து வந்தது என்பதை விசாரித்து எழுதுதல் இன்றியமையாதது.

(உ) எடுத்தவர் பெயரும் வரிசை எண்ணும். அதே எண் குறிப்பேட்டிலும் புகைப்படத்திலும் இருத்தல் வேண்டும்.

சீட்டைப் பென்சிலால் அல்லது ஆல்கஹாலில் கரையாத கறுப்பு மையால் கெட்டிக் காகிதத்தில் எழுதிப் புட்டியின் உள்ளே இடுதல் வேண்டும். வெளியே ஒட்டிய சீட்டு நாளடைவில் உதிரும். பேனா மை ஆல்கஹாலில் கரையும். சீட்டிழந்த மாதிரி எவ்வளவு அழகிய உருவமுடையதாயினும் ஆராய்ச்சிக்குப் பெரிதும் பயன்படாது. உறுப்பு ஆராய்ச்சிக்கு 70 விழுக்காடு ஆல்கஹால் ஏற்றது. மரபணு ஆராய்ச்சிக்கெனில் ஒரு காலை மட்டும் தனியே 95 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஆல்கஹாலில் இடுவர்.

மாதிரி எடுத்தல் அனுமதி பெற்றோர் செய்யும் வேலை. சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகம், ஸ்ரீ வெங்கடேசுவரா தேசியப் பூங்கா, கௌண்டின்யா சரணாலயம் ஆகியவற்றில் வனத்துறையின் எழுத்து மூலமான அனுமதியின்றி எதனையும் பிடித்தலோ எடுத்தலோ கூடாது. மற்றையோர் புகைப்படமும் குறிப்பும் எடுத்து நிபுணருக்கு அனுப்புவதே முறை. அதுவும் விஞ்ஞானத்துக்குச் செய்யும் சிறந்த உதவியேயாம்.

6. எதை வெளியிடுவது, எதைக் காப்பது?

இங்கு ஒரு முரண்பாட்டை எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. இடத்தைத் துல்லியமாகப் பதிதல் வேண்டும். ஆனால் துல்லியமாக வெளியிட்டால் உயிருக்குத் தீங்கு நேரலாம். குத்திச் சிலந்தியின் நீல நிறம் வெளிநாடுகளில் அழகுக்காக விலங்கு வளர்ப்போரைப் பெரிதும் கவர்ந்தது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2008-இல் இதனை அழிவின் விளிம்பிலுள்ள இனமாக மதிப்பிட்டது. அப்போது அறியப்பட்டிருந்த வாழிடம் 100 சதுர கிலோமீட்டருக்கும் குறைந்தது. அக்காட்டிலும் மரம் வெட்டுதலும் விறகு சேகரித்தலும் நடந்துவந்தன. முதிர்ந்த மரம் வீழ்ந்தால் பொந்து போகும். பொந்து போனால் சிலந்திக்கு இருப்பிடம் இல்லை. 2019-இல் பீசிலோதீரியா பேரினம் முழுவதும் பன்னாட்டு வாணிபக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பிற்காலத்தில் வேறு குன்றுகளிலும் இச்சிலந்தியைக் கண்டதாகச் செய்திகள் வந்துள்ளன. அத்தகைய செய்திகளின் மதிப்பு, அவற்றோடு வரும் புகைப்படத்தையும் இடக்குறிப்பையும் பொறுத்ததே.

ஆகவே பின்பற்றத் தக்க நெறி இது: சீட்டிலும் குறிப்பேட்டிலும் இடத்தை முழுமையாக எழுதுதல், வனத்துறைக்கும் மாதிரியைப் பேணும் நிலையத்துக்கும் முழுமையாக அறிவித்தல், பொது மக்களுக்கான செய்தியில் மலைத் தொடரின் பெயரளவில் நிறுத்திக்கொள்ளுதல். கைத்தொலைபேசிப் புகைப்படத்தோடு இடக்குறிப்பு தானாகவே பதிந்திருக்கும் என்பதையும், அதனை நீக்காமல் பலருக்கு அனுப்புவது இடத்தை வெளியிடுவதற்கு ஒப்பாகும் என்பதையும் களப்பணியாளர் நினைவிற் கொள்ள வேண்டும்.

7. வகுப்பறைப் பயிற்சி

ஆசிரியர்கள் இப்பாடத்தைச் செயல் மூலம் கற்பிக்கலாம். பள்ளிச் சுவரிலோ வேலியிலோ காணும் ஒரு சிலந்தியைத் தொடாமலும் கொல்லாமலும் நோக்குமாறு மாணவர்களை இருவர் இருவராக அமர்த்துக. ஒருவன் கால்கள், உடற்பகுதிகள், கண்கள், வலையின் அமைப்பு ஆகியவற்றைப் பார்த்து எழுதட்டும். மற்றவன் இடச்சீட்டு எழுதட்டும். பின்னர் அச்சீட்டை மட்டும் வேறொரு மாணவனிடம் கொடுத்து, அச்சிலந்தி இருந்த இடத்தைக் கண்டுபிடிக்கச் செய்க. அவன் நேரே அவ்விடத்துக்குச் சென்றால் சீட்டு நன்று. தடுமாறினால், எச்சொல் விடுபட்டது என்பதை மாணவர்களே கூறட்டும்.

ஆராய்வதற்குரிய வினாக்கள்:

1. குத்திச் சிலந்தியின் வரலாற்றில் ஊர்ப் பெயர் தந்த செய்தி யாது? மரக்கிடங்கு என்ற குறிப்பு தந்த செய்தி யாது?

2. உங்கள் ஊர் கடந்த நூறு ஆண்டுகளில் எந்தெந்த மாவட்டங்களைச் சேர்ந்திருந்தது? அவ்வாண்டுகளில் மாறாதிருந்த இடப்பெயர்கள் எவை?

3. ஒரே சிற்றினத்தின் ஆணும் பெண்ணும் நிறத்தில் வேறுபட்டால், அவை இரு வேறு இனங்கள் அல்ல என்பதை எவ்வாறு நிறுவலாம்?

ஒரு மரம் வீழ்ந்தபின் அதில் எவ்வுயிர் இருந்தது என்று கேட்பார்க்கு விடை கூறவல்லது, முன்னரே எழுதிவைத்த சீட்டு ஒன்றே. அதனை எழுதும் வாய்ப்பு அன்றாடம் காட்டிலும் வயலிலும் பள்ளி வளாகத்திலும் நடமாடுவோர்க்கே உள்ளது.